இடது ஓரத்து முட்டைகள்

அத்தியாயம் 4

"வெளியே போடா நாயே!"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஆள் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. தலையில் கட்டு, கையில் குளுக்கோஸ் ஊசி. வாயில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

"நோயாளி தெளிவாத்தான் இருக்காரு அண்ணே. உங்களைப் பார்த்ததும் கண்டுபிடிச்சுட்டாரு" என்றாள் விசில்.

விசில் என் உதவியாள். இருபத்தைந்து வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். ஐம்பது வயதில் வேலையை விட்டாள், கழுத்தில் தொங்கும் விசிலை விடவில்லை. அவள் பேச்சிலிருந்து தப்பிக்க ஒரே வழி அவளை ஸ்கூட்டர் ஓட்டச் சொல்வதுதான். அப்போதும் பேசுவாள். காற்று அடிப்பதால் எனக்குக் கேட்காது, அவ்வளவுதான்.

கட்டிலில் கிடந்தவருக்கு முட்டைக் கிடங்கில் 'கழுகு' என்று பெயர். முட்டை பார்க்கிற வேலை. இருட்டறையில் ஒரு கண்ணாடி மேஜை, அதற்கு அடியில் விளக்கு. முப்பது முட்டை அடுக்கிய ட்ரேயை மேஜை மேல் வைத்தால் நல்ல முட்டை சிவந்து ஒளிரும், கெட்டது கறுத்து நிற்கும். கறுத்ததைப் பொறுக்கிப் போட்டு, நல்லதை வைத்து இடத்தை நிரப்பி, ட்ரேயில் தேதியோடு தன் முத்திரையைக் குத்த வேண்டும். ஒரு ட்ரேக்கு ஏழு விநாடி. முப்பது வருஷத்தில் கழுகு முத்திரை குத்திய ட்ரேயில் ஒரு கெட்ட முட்டை போனதில்லை என்று கிடங்கில் சொல்வார்கள். நான் நம்பவில்லை. தப்பே செய்யாதவன் என்று எவனும் கிடையாது. மாட்டாதவன் உண்டு.

நாலு நாளைக்கு முன்னால் அவர் சரக்கு ஏற்றும் மேடையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தார். மருமகன் தள்ளிவிட்டான் என்று போலீசில் சொன்னார். அந்த மருமகன் அதே கிடங்கில் தள்ளுவண்டிக்காரன். இப்போது லாக்கப்பில் இருக்கிறான். இன்று நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் இந்தக் கட்டிலுக்கே வந்து வாக்குமூலம் எழுதப் போகிறார். எழுதிவிட்டால் கொலை முயற்சி. ஏழெட்டு வருஷம் உள்ளே. என்னைக் கூப்பிட்டது கழுகின் மகள். மணி பதினொன்று.

"யார் தள்ளினது?" என்றேன்.

"அவன்தான். என் பொண்ணை இழுத்துக்கிட்டுப் போனவன். இடது பக்கமா வந்தான், தோள்ல ஓங்கித் தள்ளினான்."

"நீங்க பார்த்தீங்களா?"

கழுகு முழங்கையை ஊன்றி எழுந்தார். "யாரு கண்ணைச் சந்தேகப்படறே? உன் சட்டையில மூணாவது பட்டன் கறுப்பு நூல்ல தைச்சிருக்கு. மத்ததெல்லாம் வெள்ளை. இங்கிருந்தே தெரியுது. போதுமா? போ வெளியே!"

குனிந்து பார்த்தேன். கறுப்பு நூல்தான்.

"ரெண்டு வருஷமா அந்தச் சட்டையைப் பார்க்கிறேன், எனக்கே தெரியாது" என்றாள் விசில், நடையில் வந்ததும்.

டாக்டரம்மாவை நடையில் மடக்கினேன். நின்றுகொண்டே பேசினார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

"நீங்க போலீஸா?"

"இல்லை."

"சொந்தக்காரரா?"

"நல்லவேளை, இல்லை."

"அப்புறம் எதுக்குய்யா என் நேரத்தைத் தின்றீங்க?" என்றவர், என் பின்னால் நின்ற கழுகின் மகள் அழுவதைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கினார். "அவருக்கு இடது பக்கப் பார்வை இல்லை. அடியில போயிடுச்சு. அறிக்கை எழுதிட்டேன், போலீஸ் வாங்கிட்டுப் போயாச்சு."

"என் சட்டை பட்டன் நூலைச் சொன்னாரேம்மா? இடது கண்ணு போனவரா அவரு?"

"இடது கண்ணுன்னு நான் சொன்னேனா? இடது பக்கம்! எந்தக் கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தாலும் அவருக்கு இடது பக்கம் கிடையாது. கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பார்க்கிறதை வாங்கிக்கிற இடம் பின்மண்டையில இருக்கு. வலது பக்க மூளைதான் இடது பக்கத்தை வாங்கும். அங்க ரத்தம் கசிஞ்சிருக்கு."

"இருட்டாத் தெரியுமா?"

"உங்க முதுகுக்குப் பின்னால இப்ப என்ன தெரியுது? கறுப்பாவா தெரியுது?"

யோசித்தேன். "ஒண்ணுமே தெரியலை."

"அவருக்கு இடது பக்கம் அந்த மாதிரி. இல்லாததை இல்லைன்னு தெரிஞ்சுக்கவும் முடியலை. சொன்னா அடிக்க வர்றாரு." டாக்டரம்மா போய்விட்டார்.

"குதிரை குப்புறத் தள்ளினதும் இல்லாம குழியும் பறிச்ச கதையாப் போச்சு" என்றாள் விசில். "கொலை முயற்சி போதாதுன்னு மருமகன் கணக்குல பாதிக் குருட்டையும் சேர்த்துட்டாங்க."

மகள் கண்ணைத் துடைத்தாள். "எங்க வீட்டுக்காரர் தொடவே இல்லைங்க. பின்னால வண்டியோட வந்தவரு, அப்பா விழறதைப் பார்த்து ஓடினாரு."

"எல்லாப் பொண்டாட்டியும் சொல்றதுதான் இது."

"துப்பறியறவங்க எல்லாருமே இப்படித்தான் பேசுவீங்களா?" என்று சீறினாள்.

"இல்லைம்மா, சிலர் மோசமாப் பேசுவாங்க" என்றாள் விசில்.

மகளிடம் உண்மையை மறைக்கத் தெரியவில்லை. விழுந்ததற்கு முந்தின நாள் கழுகு மருமகனைக் கிடங்கில் எல்லார் முன்னாலும் கன்னத்தில் அறைந்திருக்கிறார். தன் ட்ரேக்களில் அவன் கெட்ட முட்டை கலந்து பேரைக் கெடுக்கிறான் என்று. சரிதான். அறை வாங்கியவன் மறுநாள் தள்ளினான். எனக்கு வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. திரும்பிப் போயிருப்பேன். அதற்குள் அவள், அப்பா விழுந்தபோது போட்டிருந்த துணி இருந்த பையை என் கையில் திணித்தாள்.

சட்டையின் இடது தோளில் மஞ்சள் பெயிண்ட் அப்பியிருந்தது.

"உன் வீட்டுக்காரன் கையில மஞ்சள் பூசிக்கிட்டா வேலை பார்க்கிறான்?" என்று கேட்டேன். அவள் முறைத்தாள். நான் படியிறங்கினேன்.

கிடங்கு மேனேஜர் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். நெஞ்சு வரை குண்டு, அதற்கு மேல் சந்தேகம்.

"போலீஸ் வந்து பார்த்துட்டுப் போயாச்சு. உமக்கு இங்க என்னய்யா வேலை?"

"முட்டை வாங்க வந்தோம்" என்றாள் விசில். "நல்லதா ரெண்டு இருந்தாக் குடுங்க. உங்ககிட்ட கஷ்டம்னு கேள்விப்பட்டோம்."

அவர் முகம் சிவந்தது. அந்தச் சிவப்பு அடங்குவதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். இருட்டறையிலிருந்து வெளியே வந்தால் மேடை. அகலம் இரண்டு ஆள் நடக்கிற அளவுதான். வலது பக்கம் விளிம்பு, கீழே சிமெண்டு. இடது பக்கம் ஒரு இரும்புத் தூண், மஞ்சள் பெயிண்ட் அடித்தது. தூணில் தோள் உயரத்தில் பெயிண்ட் உரிந்திருந்தது. ஒரு இடத்தில் இல்லை, நாலைந்து இடத்தில். பழைய உரசலும் இருந்தது, புதியதும் இருந்தது.

"இது என்ன?"

"வண்டி இடிச்சிருக்கும்."

"உங்க வண்டி என் தோள் உயரமா? ஒட்டகம் கட்டி இழுக்கிறீங்களா?"

அங்கே நின்று பார்த்தால் விஷயம் புரிந்தது. தூணில் இடது தோள் வேகமாக மோதினால் ஆள் சுழன்று வலது பக்கம் போவான். வலது பக்கம் மேடை கிடையாது. ஆனால் இது போலீசுக்குப் போதாது. மருமகன்தான் தூணில் மோதும்படி தள்ளினான் என்பார்கள். பார்வை? அது விழுந்த அடியில் போனது என்று டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார்.

"கெட்ட முட்டைக் கதையைச் சொல்லுங்க" என்றேன்.

"மூணு வாரமா ரொட்டிக்கடைக்காரம்மா திட்டித் திட்டி அனுப்புது. எல்லாம் கழுகு முத்திரை. கழுகு தப்புப் பண்ண மாட்டாரு. முத்திரை குத்தின பிறகு ட்ரே யார் கைக்குப் போவுது? வண்டிக்காரன் கைக்கு. மாமனார் பேரைக் கெடுக்க அவன்தான் மாத்துறான். நான்தான் கழுகுகிட்ட எடுத்துச் சொன்னேன்."

"அவன் மாத்தினதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? மாமனாருக்கும் மருமகனுக்கும் ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியுமே."

"பார்க்காமலே சொன்னீங்க. அவரும் பார்க்காமலே அறைஞ்சாரு. நல்ல கம்பெனி."

இருட்டறையை ஒருமுறை எட்டிப் பார்த்தேன். கண்ணாடி மேஜை முன்னால் ஒற்றை நாற்காலி. அதன் வலது கைப்பக்கம் முத்திரையும் மைப்பெட்டியும். அவ்வளவுதான்.

ரொட்டிக்கடை நாலு தெரு தள்ளி. கடைக்காரம்மா பின்கட்டில் ஒவ்வொரு முட்டையாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்துப் பெரிய பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கிடங்கு என்று சொன்னதும் கையில் இருந்த முட்டையை எங்களை நோக்கி ஓங்கினார்.

"ஒரு முட்டையால அரை அண்டா மாவைக் கொட்டினேன்! இன்னும் எவன் சமாதானம் பேச வர்றது?"

"எறியறதா இருந்தா நல்ல முட்டையா எறிங்கம்மா, இது எங்க அண்ணனோட ஒரே சட்டை" என்றாள் விசில்.

"நாங்க கிடங்கு ஆளுங்க இல்லை" என்றேன். "கெட்டது எந்த இடத்துல இருந்துச்சு?"

"எங்கன்னா? ட்ரேயிலதான்!"

"ட்ரேயில எந்த இடத்துல? மேலயா, நடுவுலயா, ஓரமா?"

அந்தம்மாவின் கை இறங்கியது. இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை போலிருக்கிறது. "ஓரம்தான். எப்பவுமே ஒரே ஓரம். கடைசி ரெண்டு வரிசை. நடுவுல ஒண்ணுகூடக் கெட்டதில்லை." அலமாரி அடியிலிருந்து தொடாத ட்ரே ஒன்றை இழுத்துத் தன் முன்னால் மேஜையில் வைத்தார். "முதலாளி மூஞ்சியில காட்டணும்னு வச்சிருக்கேன். பாருங்க தேதியை."

நீல மையில் கழுகின் முத்திரை. தேதி, அவர் விழுந்ததற்கு முந்தின நாள்.

"எந்த ஓரம்?"

"இதோ. வலது ஓரம்." அந்த இரண்டு வரிசையிலும் விரலால் தட்டினார். ஓரிரண்டு முட்டையில் வியர்வை போலக் கசிந்திருந்தது. நாற்றம் மூக்கில் அறைந்தது.

விசிலின் முகம் தொங்கிப்போனது. "போச்சு அண்ணே. இடதுன்னு சொல்லும்னு உள்ளுக்குள்ள விசில் ஊதிக்கிட்டு இருந்தேன்."

நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். வலது பக்கம் கழுகுக்குப் பளிச்சென்று தெரியும். பட்டன் நூலே தெரிந்ததே! அப்படியென்றால் மருமகன் கலந்ததுதான். பகல் ஒன்றரை மணிக்கு என் கட்சிக்காரியின் புருஷனை மறுபடி மனசுக்குள் ஜெயிலுக்கு அனுப்பினேன்.

அப்போதுதான் முத்திரை கண்ணில் பட்டது. கடைக்காரம்மாவுக்கு எதிர்ப்புறம், தூரத்து மூலையில், அவருடைய இடது பக்கமாக இருந்தது.

"விசில், நீ டிக்கெட்ல ஓட்டை போடறப்ப எங்க போடுவே?"

"என் கட்டைவிரலுக்குப் பக்கத்துல. பயணி பக்கத்துக்குக் கையை நீட்டிக்கிட்டு இருந்தா அடுத்த ஸ்டாப் வந்துடும்." சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் அகலமாகிவிட்டது. "ஏழு விநாடி!"

வலது கைக்காரன், வலது பக்கம் மைப்பெட்டி, ட்ரேக்கு ஏழு விநாடி. முத்திரை அவன் வலது கைக்குக் கிட்டத்து மூலையில்தான் விழும். கடைக்காரம்மா ட்ரேயை வைத்தது தலைகீழ். நான் அவர் பக்கம் போய் நின்று அதைப் பிடித்து அரை வட்டம் திருப்பினேன். முத்திரை என் வலது கைப் பக்கம் வந்து நின்றது. அழுகல் இரண்டு வரிசையும் இடது ஓரத்துக்குப் போயின.

"எல்லா ட்ரேயிலயும் முத்திரைக்கு எதிர் ஓரம்தானா?"

கடைக்காரம்மா யோசித்தார். "ஆமா. முத்திரைப் பக்கம் உடைச்சா நிம்மதியா உடைக்கலாம்."

கலக்கிறவன் அவசரத்தில் கலப்பான். கண்ட இடத்தில் வைப்பான். மூன்று வாரமாக ஒவ்வொரு ட்ரேயையும் முத்திரை பார்த்துத் திருப்பி வைத்து, இடது இரண்டு வரிசையில் மட்டும் கெட்ட முட்டையை உட்கார வைக்க எந்தக் கலப்படக்காரனுக்கும் பொறுமை கிடையாது. கழுகு எடுக்கவேண்டியதை எடுக்கவில்லை. அவருக்கு அங்கே முட்டையே இல்லை. விழுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே.

"அப்ப மருமகன் யோக்கியன்" என்றாள் விசில்.

"இந்த ஒரு விஷயத்துல" என்றேன்.

ட்ரேயைத் தர மாட்டேன் என்று கடைக்காரம்மா பிடிவாதம் பிடித்தார். சாட்சி போய்விடுமாம். கடைசியில் விசிலின் கைக்கடிகாரத்தை அடமானமாக வாங்கிக்கொண்டுதான் விட்டார். முப்பது முட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போவது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அன்று ஒவ்வொரு பள்ளத்திலும் சாமியைக் கூப்பிட்டேன். நான் சாமியையும் நம்புகிறவன் இல்லை.

மூன்றரைக்கு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா முதலில் மூக்கைப் பொத்தினார், பிறகு காது கொடுத்துக் கேட்டார். நாங்கள் முடிப்பதற்குள் கழுகின் தலைப் படத்தைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ரத்தத்துக்கு அடியில வேற ஏதோ இருக்கு" என்றார் மெதுவாக. "விழுந்தவர்னு சொன்னாங்க, ரத்தத்தைப் பார்த்தேன், அதோட நிறுத்திட்டேன். இது கட்டியா இருக்கலாம். அதுதான் முதல்ல இருந்திருக்கு. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறதா இருந்தேன்."

"அந்த விளக்குப் பெட்டியைக் குடுங்க" என்றேன்.

எக்ஸ்ரே படம் மாட்டிப் பார்க்கிற விளக்குப் பெட்டி. அதைக் கழற்றிக் கட்டிலின் சாப்பாட்டு மேஜையில் மல்லாக்கப் போட்டோம். விசில் திரைகளை இழுத்து மூடினாள். ட்ரேயை அதன் மேல் வைத்தேன், முத்திரை கழுகின் வலது கைப் பக்கம் இருக்கும்படி. வார்டே சிவந்தது.

"என்னடா கூத்து இது?" என்றார் கழுகு.

"உங்க வேலைதான். ஏழு விநாடி. முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளைப் பார்க்கிறேன்."

அந்த ஆளை அதைவிட மோசமாகத் திட்ட முடியாது. கழுகு நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் ட்ரே மேல் ஓடியது. நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இடது ஓரத்தில் ஏழு முட்டை கரிக்கட்டை போல நின்றன. வாசலில் நின்ற சிப்பந்திக்குக்கூடத் தெரிந்தது.

"சுத்தம்" என்றார் கழுகு. "என் முத்திரை. என் ட்ரே."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப உங்க கையாலயே திருப்பி வைங்க. நான் தொடலை."

திருப்பினார். ஏழு கரிக்கட்டையும் அவருடைய வலது பக்கம் வந்து நின்றன. கழுகின் தாடை இறங்கியது.

"எவன்டா வச்சது?"

"உங்க கை மட்டும்தான் பட்டுச்சு."

மறுபடி திருப்பினார். மறைந்தன. திருப்பினார். வந்தன. ஐந்து தடவை திருப்பினார். கடைசியில் இடது கையை நீட்டிக் கண்ணுக்குத் தெரியாத முட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். எண்ணினார்.

"கண்கட்டு வித்தை காட்டி என்னை ஏமாத்தப் பார்க்கிறியா?" என்றார். குரலில் பழைய கடுமை இருந்தது, கை இன்னும் அந்த முட்டைகள் மேலேயே இருந்தது.

"தள்ளினது தூண். மூணு வாரமா அதுல இடிச்சிருக்கீங்க, பெயிண்ட்டே உரிஞ்சு கிடக்கு. கெட்ட முட்டையையும் எவனும் கலக்கலை. அனுப்பினது நீங்க."

"வாயை மூடு!" கழுகு மூச்சு வாங்கினார். பிறகு தணிந்த குரலில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அவன் தள்ளினதாவே இருக்கட்டும்" என்றார். "தள்ளினான்னா நான் விழுந்தவன். தள்ளலைன்னா நான் குருடன். குருடன் குத்தின முத்திரையை எவன்யா மதிப்பான்? முப்பது வருஷம்!"

"சரி, இருக்கட்டும்" என்றேன். "அவன் உள்ள போகட்டும். உங்க பேருக்காக அவன் ஏழு வருஷம் கழிக்கட்டும். மாஜிஸ்திரேட் வந்ததும் இதே மாதிரி கணீர்னு பொய் சொல்லுங்க. பெரிய மனுஷன்!"

"சொல்லுங்கப்பா" என்றாள் மகள். அழுகை நின்றிருந்தது, அதைவிட மோசமான ஒன்று குரலில் வந்திருந்தது. "தாராளமாச் சொல்லுங்க. என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லுங்க, அது போதும்."

கழுகு நேரே பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். விசிலைத் தாண்டிப் பார்த்தார்.

"எங்கடி நிக்கிறே?"

அவள் கட்டிலின் இடது பக்கம், ஒரு முழத் தூரத்தில் நின்றிருந்தாள். பதில் சொல்லவில்லை. நாங்கள் யாரும் சொல்லவில்லை. கழுகு தலையை இடது பக்கம் திருப்பினார். இன்னும் திருப்பினார். கழுத்து நரம்பு புடைக்க முழுசாகத் திருப்பியபோதுதான் அவள் முகம் அவருக்குக் கிடைத்தது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது. மாஜிஸ்திரேட்டும், கையில் காகிதக் கட்டோடு ஒரு குமாஸ்தாவும். விசில் விளக்குப் பெட்டியை அணைத்தாள். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். கதவுக்கு வெளியே நின்றோம். கதவு முழுசாக மூடவில்லை, நானும் மூடவில்லை.

"உங்களைத் தள்ளினது யார்?"

மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே தெரியாது.

"யாரும் தள்ளலை" என்றார் கழுகு.

"போலீஸ்ல வேற மாதிரி சொல்லியிருக்கீங்களே?"

"பார்த்தேன்னு நினைச்சேன். பார்க்கலை. எனக்கு இடது பக்கம் தெரியாது. மூணு வாரமாவே தெரியலையாம். தூண்ல இடிச்சு நானா விழுந்தேன்."

"யாராவது மிரட்டி இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?"

"என்னை மிரட்ட எவன் இருக்கான்?"

குமாஸ்தாவின் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. படித்துக் காட்டினார். கையெழுத்துப் போடச் சொன்னார்.

"இருங்க, இன்னும் முடியலை" என்றார் கழுகு. "அவன் தள்ளலைங்கறதுக்காக அவனை எனக்குப் பிடிச்சுப்போச்சுன்னு அர்த்தமில்லை. அவனை எனக்குப் பிடிக்காது. இன்னிக்கும் பிடிக்காது."

பேனா நின்றது. "அது வழக்குக்குத் தேவையில்லைங்களே" என்றார் குமாஸ்தா.

"எழுதுய்யா" என்றார் கழுகு. "அப்பத்தான் மேல சொன்னது நிஜம்னு நம்புவாங்க."